நாயோடு கிராமத்து காட்டேஜுக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நெருங்கினால் போதும், நாய் வளர்க்கும் நண்பர்களிடமிருந்தும், அவர்களோடு சேர்ந்து பயணம் போகவிருக்கும் குடும்பங்களிடமிருந்தும் ஒரே மாதிரியான சந்தேகங்கள் வரத் தொடங்கிவிடும். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன. எந்த மருந்து, எவ்வளவு என்பதெல்லாம் நாய்க்கு நாய் மாறும். அதை உங்கள் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நாயைக் கூட்டிட்டுத்தான் போகணுமா? யார்கிட்டயாவது விட்டுட்டுப் போனா என்ன?

விட்டுவிட்டுப் போவதில் தவறே இல்லை. சில நாய்களுக்கு அதுதான் நல்லது. தடுப்பூசி வரிசை முடியாத குட்டி (கடைசி ஊசி பொதுவாக 16 வாரத்தையொட்டிப் போடப்படும்), ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருக்கும் பெண் நாய், அண்மையில் அறுவை சிகிச்சை ஆன நாய், புதிய ஆட்களைக் கண்டாலே நடுங்கும் நாய் ஆகியவற்றை ஒரு கூட்டம் நிறைந்த வீட்டுக்குக் கொண்டுபோவது அவற்றுக்குத் தண்டனைதான். ஹீட் ஏறக்குறைய மூன்று வாரம் நீடிக்கும். அந்தச் சமயத்தில் ஆண் நாய்கள் இருக்கும் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோனால் யாருக்கும் நிம்மதி இருக்காது.

மற்றபடி, மனிதர்களோடு இருப்பதை விரும்பும், ஓரளவு சொல்பேச்சு கேட்கும் நாய் என்றால் தயங்காமல் கூட்டிப் போங்கள். புதிய மண்ணையும் புல்லையும் முகர்ந்து திரிவது அதற்குப் பெரிய கொண்டாட்டம்.

‘நாய்களுக்கு அனுமதி உண்டு’ன்னு போட்டிருக்காங்களே. அது போதாதா?

போதாது. முன்பணம் கட்டுவதற்கு முன்னால் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். எத்தனை நாய் வரலாம், உள்ளே விடலாமா அல்லது வராந்தாவோடு சரியா, படுக்கையறைக்குள் வரலாமா, தனியாக விட்டுவிட்டு வெளியே போகலாமா என்பதில் வீட்டுக்கு வீடு விதி மாறும். அனுமதி உண்டு என்று சொல்லிவிட்டு வெளியே கட்டிப்போடச் சொல்லும் இடங்களும் உண்டு. வேலி எவ்வளவு உயரம், நாலு பக்கமும் இருக்கிறதா, கேட்டுக்கு அடியில் இடைவெளி உண்டா, அவர்களுடைய நாய், பூனை, கோழி, மாடு ஏதாவது அங்கே சுற்றுகிறதா, திறந்த கிணறோ குளமோ இருக்கிறதா, செல்போன் சிக்னல் கிடைக்குமா, பக்கத்தில் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, பெரும்பாலோர் கேட்க மறந்துவிடும் கேள்வி: “எலி மருந்து எங்காவது வைத்திருக்கிறீர்களா?” அடிக்கடி பூட்டிக் கிடக்கும் வீடுகளில் எலித் தொல்லை சகஜம். அடுப்பங்கரை மூலையிலும் ஸ்டோர் ரூமிலும் மருந்து வைத்துவிட்டு அவர்களே மறந்திருப்பார்கள். எலி தின்ன வேண்டும் என்பதற்காகவே ருசியாகச் செய்த பொருள் அது. நாயும் ஆசையாகத் தின்னும். அதிகமாகப் புழங்கும் வகை இரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷம். தின்ற அன்று நாய் வழக்கம்போல ஓடியாடும். மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வும், ஈறு வெளுப்பதும், உள்ளே இரத்தம் கசிவதும் தெரியவரும். முன்பே தெரிந்தால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும். அதனால் நீங்கள் வருவதற்கு முன் அதை எடுத்துவிடச் சொல்லுங்கள், போனதும் நீங்களும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

எத்தனை பேர், எத்தனை நாய் வரைக்கும் சமாளிக்கலாம்?

வீட்டின் அளவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு நாய்க்கும் “இது என் பொறுப்பு” என்று சொல்ல ஒரு பெரியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத நாய் வர வேண்டாம்.

இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். கூட்டமாகப் போகும்போது “எல்லாரும் பார்த்துப்போம்” என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் பொருள். கேட்டைத் திறந்து போட்டவர் பின்னால் வருபவர் சாத்துவார் என்று நினைப்பார். நாய் சமையலறையில் இருக்கிறது என்று ஒருவரும், மாடியில் இருக்கிறது என்று இன்னொருவரும் நினைத்துக்கொண்டிருக்கும்போது அது ரோட்டில் இருக்கும். அதனால் பெயர் சொல்லிப் பொறுப்பு கொடுங்கள். அவர் குளிக்கப் போனாலும், தூங்கப் போனாலும், ஒரு கிளாஸ் மது அருந்த உட்கார்ந்தாலும், “இப்போது நீ பார்த்துக்கொள்” என்று வாய்விட்டுச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கின்றன.

கூட வர்றவங்கள்ல ஒருத்தருக்கு நாய்னா பயம், இன்னொருத்தருக்கு அலர்ஜி. எப்படிச் சமாளிக்கிறது?

பயணத்தை முடிவு செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள். போய் இறங்கின பிறகு தெரிந்தால் அவர்கள் மறுக்கவும் முடியாமல் மகிழவும் முடியாமல் தவிப்பார்கள். பயப்படுகிறவரிடம் “ஒண்ணும் பண்ணாது, தொட்டுப் பாருங்க” என்று வற்புறுத்தாதீர்கள். அவர் இருக்கும் அறையில் நாய் கயிற்றில் இருக்கட்டும். நாய் அவரைக் கண்டுகொள்ளாமல் படுத்திருப்பதைச் சில மணி நேரம் பார்த்தாலே பயம் பாதி இறங்கிவிடும்.

அலர்ஜி வேறு விஷயம். முடி உதிராத இனம் என்பதால் பிரச்சினை வராது என்று சொல்வது சரியல்ல. ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் எச்சிலிலும் தோல் செதிளிலும் இருக்கிறது, எல்லா இனங்களிலும் இருக்கிறது. அவருக்கு நாய் ஒரு நிமிடம்கூட நுழையாத அறை ஒன்றை முதல் நாளிலிருந்தே ஒதுக்குங்கள். முன்பு வந்தவர்களின் நாய்கள் விட்டுச்சென்ற செதிளும் அந்த வீட்டில் இருக்கும் என்பதால் படுக்கை விரிப்பை மாற்றிக்கொள்வது நல்லது. ஆஸ்துமா உள்ளவர் என்றால் தன் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இன்ஹேலரோடு வரட்டும். அவருக்குத் தீவிரமாக வரும் என்றால் நாய் வீட்டில் இருக்கட்டும், மனிதர் வரட்டும்.

தடுப்பூசி எல்லாம் போட்டாச்சு. டாக்டர்கிட்ட வேற என்ன கேக்கணும்?

ஒரு மாதத்துக்கு முன்பே போய்க் கேளுங்கள். ரேபிஸ், பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள் பெரும்பாலும் போட்டிருக்கும். லெப்டோஸ்பைரோசிஸ் ஊசி போட்டதா என்று தனியாகக் கேளுங்கள். எலி, பன்றி, மாடு போன்றவற்றின் சிறுநீர் வழியாக ஈர மண்ணுக்கும் தேங்கிய நீருக்கும் வரும் நோய் அது. சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும், மனிதருக்கும் தொற்றும். முதல் தடவை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒன்று. கிளம்புவதற்கு முந்தின நாள் போய் நின்றால் பலன் இல்லை.

உண்ணிக்கு மருந்து, வயிற்றுப்புழுவுக்கு மாத்திரை, வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளில் சில நாள் கூடுதல் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருந்தால் அதில் பதிந்திருக்கும் செல்போன் எண் இப்போதும் உங்களுடையதுதானா என்று சரிபாருங்கள். கழுத்துப்பட்டையில் எண் பொறித்த வில்லை ஒன்று கட்டாயம் வேண்டும். கிராமத்தில் நாயைக் கண்டெடுப்பவரிடம் சிப் படிக்கும் கருவி இருக்காது, போன் இருக்கும்.

வண்டியில ஏறினாலே வாந்தி எடுக்குது. என்ன பண்றது?

கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே கொஞ்சமாகச் சாப்பாடு கொடுத்து நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் அவ்வப்போது. குட்டிகளுக்கு இது அதிகம் வரும். வளர வளரப் பலவற்றுக்குக் குறைந்துவிடும். வண்டி என்றாலே டாக்டரிடம் ஊசிதான் என்று பழகிய நாய்க்குப் பயத்தினாலும் வாந்தி வரும். அதற்குச் சில வாரம் முன்பிருந்தே ஐந்து நிமிடச் சவாரி, போய் இறங்கியதும் ஒரு விளையாட்டு என்று பழக்கலாம். வாந்தியை நிறுத்த நாய்களுக்கென்றே மாத்திரை இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஹார்னஸை (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) சீட் பெல்ட்டோடு இணைத்தோ, கூண்டில் வைத்தோதான் அழைத்துப் போக வேண்டும். திடீரென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் நாயைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கதவைத் திறக்கும் முன்பே கயிறு மாட்டி இறக்குங்கள்.

சாப்பிட நிறுத்தும்போது பத்து நிமிஷம் காருக்குள்ள விட்டா ஆபத்தா? கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விடுவோமே.

ஆபத்துதான். வெளியே 24 டிகிரி செல்சியஸ் என்ற இதமான நாளில்கூட மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரியும், அரை மணி நேரத்தில் 43 டிகிரியும் ஆகிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்குவதால் பெரிய வித்தியாசம் வராது. ஆள் மாற்றி ஆள் சாப்பிடுங்கள், ஒருவர் நாயோடு நிழலில் நிற்கட்டும்.

போய் இறங்கினதும் முதல்ல என்ன செய்யணும்?

பெட்டிகளை இறக்கும் முன் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வேலியோரமாக ஒரு முழுச் சுற்று நடங்கள். நாய்க்குக் கால் நீட்டிய மாதிரியும் ஆகும், ஓட்டை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். வேலிக்கு அடியில் மண் இளகிய இடம், கேட்டின் கம்பிகளுக்கு இடையே தலை நுழையும் அகலம், மூடி உடைந்த செப்டிக் டேங்க், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, புல்லுக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு, பூச்சிமருந்து டப்பா எல்லாம் உங்கள் கண்ணில் முதலில் பட வேண்டும். பிறகு வீட்டுக்குள் வந்து எலி மருந்து தேடுங்கள்.

அடுத்ததாக நாய்க்கு ஒரு மூலை. ஆள் நடமாட்டம் குறைவான இடமாக, ஆனால் உங்கள் குரல் கேட்கும் தூரத்தில் இருக்கட்டும். வீட்டிலிருந்து கொண்டுவந்த அதன் படுக்கையை அங்கே விரியுங்கள். துவைத்து எடுத்து வராதீர்கள். பழைய வாசனைதான் அதற்குத் தைரியம். நாய் அந்த மூலைக்குப் போய்விட்டால் குழந்தையோ பெரியவரோ அதைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். கேட்டை யார் திறந்தாலும் அவரே சாத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டில் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

எங்க நாயும் அவங்க நாயும் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. ஒத்துப்போகுமா?

பெரும்பாலும் ஒத்துப்போகும், ஆனால் முதல் சந்திப்பு வீட்டு வாசலில் நடக்க வேண்டாம். முதலில் வந்த நாய் அந்த வாசலை ஏற்கெனவே தன்னுடையது ஆக்கியிருக்கும். வெளியே திறந்த பாதையில், ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, நடுவே நல்ல இடைவெளி விட்டு ஒரே திசையில் நடங்கள். இரண்டும் தளர்வாக நடக்கத் தொடங்கியதும் இடைவெளியைக் குறையுங்கள். பிறகு கயிறு இறுகாமல் சில நொடி முகர விட்டு, மறுபடி நடங்கள். இருபது நிமிடம் இப்படி நடந்துவிட்டு இரண்டையும் சேர்த்து உள்ளே கூட்டிப் போனால் பாதிப் பிரச்சினை வராது.

சண்டைக்குக் காரணம் பெரும்பாலும் சாப்பாடு, பொம்மை, படுக்கை, வீட்டுக்காரரின் மடி. சாப்பாட்டை வேறு வேறு அறையில், கதவைச் சாத்தி வையுங்கள். தின்றதும் தட்டை எடுத்துவிடுங்கள். பொம்மைகளை முதல் நாள் வெளியே எடுக்கவே வேண்டாம். பெரிய நாயும் மிகச் சிறிய நாயும் விளையாடும்போது ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். விளையாட்டிலேயே சின்னது அடிபட்டுவிடும்.

மீறிச் சண்டை வந்துட்டா?

நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடிக்கவும் போகாதீர்கள். மனிதர்கள் கடிபடுவது அப்படித்தான். வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுவது, கனமான போர்வையைப் போடுவது, நாற்காலியையோ பலகையையோ இடையில் செருகுவது ஆகியவற்றை முயலுங்கள். பிரிந்ததும் வேறு வேறு அறையில் அடையுங்கள். அன்றைக்கு மறுபடி சேர்க்க வேண்டாம். முடிக்குள் கையை விட்டுத் தேடிப் பாருங்கள். பல் இறங்கிய துளை வெளியே சின்னதாகத் தெரியும், உள்ளே ஆழமாகச் சீழ் பிடிக்கும். அதை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மனிதருக்குக் கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தெரிந்த நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

குழந்தைங்க நாயோட விளையாடத்தானே வர்றாங்க. கூடவே இருக்கணுமா?

கூடவே இருக்க வேண்டும், அதுவும் கையெட்டும் தூரத்தில். நாய் எவ்வளவு சாதுவானது என்பது இங்கே கணக்கில் வராது. புதிய இடம், புதிய சத்தம், தூக்கக் குறைவு எல்லாம் சேர்ந்தால் வீட்டில் பொறுத்துக்கொள்வதை அது இங்கே பொறுக்காது. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது, மேலே ஏறக் கூடாது, வாயில் இருப்பதைப் பிடுங்கக் கூடாது. இந்த நான்கையும் சின்னக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும்.

நாய் திடீரென்று கடிப்பதில்லை. உதட்டை நக்கும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், அப்படியே உறைந்து நிற்கும், பிறகு உறுமும். இவையெல்லாம் “போதும், விடு” என்று சொல்வதுதான். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். உறுமக் கூடாது என்று அது கற்றுக்கொண்டால் அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும். குழந்தையை விலக்கி, நாயை அதன் மூலைக்கு அனுப்புங்கள்.

கிராமம்தானே, வண்டி வாகனம் இல்ல. கயிறை அவுத்து விடலாமா?

வேலி சரியாக இருக்கும் வளாகத்துக்குள், பொறுப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கும்போது விடலாம். வெளியே வேண்டாம். நகரத்தில் கூப்பிட்டதும் ஓடிவரும் நாய், முன்னால் ஒரு முயலோ கோழியோ ஓடினால் உங்கள் குரலைக் கேட்கவே செய்யாது. பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்றை ஹார்னஸில் மாட்டினால் அதற்கும் சுதந்திரம், உங்களுக்கும் பயமில்லை. கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், வேகமாக ஓடி இழுபட்டால் கழுத்து அடிபடும்.

ஆடு மாடு மேயும் நிலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நாய் துரத்தினாலே சினை ஆட்டுக்குக் கரு கலைந்துவிடலாம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அது. கன்றுக்குட்டியோடு இருக்கும் பசுவைச் சுற்றிக்கொண்டு போங்கள். மாடு உங்களை நோக்கிப் பாய்ந்தால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், அது ஓடித் தப்பிவிடும், நீங்களும் தப்புவீர்கள்.

நாயின் கழிவைக் கிராமத்திலும் எடுத்தே ஆக வேண்டும், “மண்ணுக்கு உரம்தானே” என்று விடுவது தவறு. நாய்க் கழிவு வழியாகப் பரவும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும். உருண்டைப்புழு முட்டைகள் சில வாரத்தில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும், அங்கே விளையாடும் குழந்தைகளுக்கும் ஆபத்து.

குளத்துல இறங்கி விளையாடட்டுமா?

ஓடும் நீர், கரை சரிவாக இருக்கிறது, நாய்க்கு நீந்தத் தெரியும் என்றால் சரி. தேங்கிய குளத்தில் பச்சைப் பெயின்ட் ஊற்றியது போலப் படலம் மிதந்தால் கரைப் பக்கமே விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் நாயைக் கொன்றுவிடும், மாற்று மருந்தும் கிடையாது. தெரியாமல் இறங்கிவிட்டால், முடியை நக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவி உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். தேங்கிய நீரைக் குடிக்க விடக் கூடாது என்பதற்கு லெப்டோவும் ஒரு காரணம். ஊசி பற்றிய பதிலில் பாருங்கள்.

உண்ணி ஒட்டியிருந்தா எப்படி எடுக்கிறது?

முதலில் தேடுவது எப்படி என்று சொல்கிறேன், பலர் முதுகை மட்டும் தடவிவிட்டு விடுகிறார்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு, தொடை இடுக்கு, வாலடி என்று ஒவ்வொரு நடைக்குப் பிறகும் விரலால் தடவிப் பாருங்கள். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டி உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் வேண்டாம். உண்ணி தன் எச்சிலைக் கூடுதலாக உள்ளே இறக்கும். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் ஆல்கஹாலில் போடுங்கள்.

இன்னொன்று. அந்த வீட்டில் பூனை இருந்தால், நாய்க்குப் போடும் பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்து அதற்குக் கொடிய விஷம். மருந்து காயும் வரை இரண்டையும் சேர்த்து விடாதீர்கள்.

எல்லாரும் சாப்பிடும்போது ஆளுக்கு ஒரு வாய் குடுக்கிறாங்க. தடுக்கவும் முடியல.

பாசத்தில்தான் கொடுக்கிறார்கள், அதனால் முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, மது, வேகவைத்த எலும்பு எதுவும் கூடாது. சாக்லேட்டில் உள்ள தியோப்ரோமின் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். திராட்சை சிறுநீரகத்தைப் பழுதாக்கும். எந்த அளவு என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பத்துப் பேர் ஒரு வாய் கொடுத்தால் நாய்க்கு அது பத்து வாய். நல்ல சாப்பாடாகவே இருந்தாலும் இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு நாயின் வழக்கமான தீனியையே ஒரு டப்பாவில் எடுத்துக் கொடுங்கள்.

விருந்தினரின் கைப்பைகளைத் தரையில் வைக்க விடாதீர்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் உள்ள சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே நாயின் இரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் அந்தப் பைகளில்தான் இருக்கும்.

ராத்திரி தூங்காம குரைச்சுக்கிட்டே இருக்கு. மத்தவங்க முகம் சுளிக்கிறாங்க.

முதல் இரவு அப்படித்தான் இருக்கும். வீட்டில் தனியாகப் படுக்கும் நாய் என்றாலும் இங்கே உங்கள் அறையில், தன் படுக்கையில் படுக்கட்டும். சாயங்காலம் நீண்ட நடை, படுக்கும் முன் ஒருமுறை வெளியே, ஜன்னல் திரையை மூடி ஒரு ஃபேனை ஓட விடுதல் ஆகியவை உதவும். ஃபேன் சத்தம் வெளிச் சத்தங்களை அமுக்கும். வயதான நாய் இருட்டில் தடுமாறும், அதற்கு ஒரு சின்ன விளக்கு. வழுக்கும் தரையில் ஒரு பாய்.

நாயை வீட்டுல விட்டுட்டு எல்லாரும் அரை நாள் வெளிய போயிட்டு வரலாமா?

முதல் நாள் வேண்டாம். தெரியாத வீட்டில் தனியாக விட்டால், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கதவைப் பிறாண்டும், ஜன்னலில் பாயும். இரண்டாம் நாள் ஐந்து நிமிடம், அரை மணி என்று விட்டுப் பார்த்து, அமைதியாக இருந்தால் சில மணி நேரம் போகலாம். அதற்கும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர் நாயோடு தங்குவதே எனக்குப் பிடித்த ஏற்பாடு. கூட்டத்தில் வந்தவர்களில் ஒருவருக்காவது தனியாக ஒரு மதியம் தேவைப்படும்.

வெயில்ல ஓடிட்டு வந்து ரொம்ப இரைக்குது. எப்போ பயப்படணும்?

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். வியர்வையால் அது குளிர முடியாது, இரைப்பதுதான் வழி. நிழலில் உட்கார்த்தி சில நிமிடம் ஆகியும் இரைப்பு குறையவில்லை, ஈறு செக்கச் சிவந்துவிட்டது, எச்சில் கொழகொழவென்று வடிகிறது, கால் தள்ளாடுகிறது என்றால் அது வெப்பத் தாக்கு. குளிர்ந்த தண்ணீரை உடல் முழுக்க ஊற்றிக்கொண்டே விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், வெப்பம் உள்ளேயே தங்கும். முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவரிடம் ஓட்டம். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயில் நேரத்தில் வெளியே விடவே வேண்டாம்.

பாம்பு கடிச்சுட்டா, இல்ல ஏதோ தின்னுட்டா என்ன பண்றது?

பாம்பு என்றால் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். பாம்பைப் பிடிக்கவும் போகாதீர்கள். கிளம்பும்போதே போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏதோ தின்றுவிட்டது என்றால் அதன் உறையையோ மிச்சத்தையோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உப்பே நஞ்சாகிவிடும். மருத்துவர் சொன்னால் மட்டும்தான் வாந்தி. பெரிய, மார்பு ஆழமான இனத்து நாய் வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராமல் தவித்தால் வயிறு முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்க முடியாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். உரிமையாளரிடம் மருத்துவர் பற்றி முன்கூட்டியே கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

நாய் காணாமப் போயிட்டா?

கத்திக்கொண்டு கூட்டமாகத் துரத்தாதீர்கள். பயந்த நாய் இன்னும் தூரம் ஓடும். கடைசியாகப் பார்த்த இடத்தில் ஒருவர் அசையாமல் இருக்கட்டும், உங்கள் அழுக்குச் சட்டையையும் நாயின் படுக்கையையும் அங்கே வையுங்கள். மற்றவர்கள் போட்டோவோடு பக்கத்து வீடுகளுக்கும் கால்நடை மருத்துவரிடமும் போய்ச் சொல்லட்டும். நாயைக் கண்டதும் நேராக நடந்து போகாமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்கார்ந்து மெல்லப் பேசுங்கள். பலவும் தானாக வந்துவிடும்.

சோபாவைக் கடிச்சிடுச்சு. ஓனர்கிட்ட சொல்லணுமா? திருப்பிப் போட்டா தெரியாது.

சொல்லுங்கள், அன்றைக்கே, போட்டோவோடு. செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மறைத்துவிட்டுப் போனால் அடுத்து நாயோடு வரும் குடும்பத்துக்கு அந்தக் கதவு மூடிவிடும். வந்து இறங்கியதும் அறைகளைப் போட்டோ எடுத்து வைத்தால், ஏற்கெனவே இருந்த கீறலுக்கு நீங்கள் பொறுப்பாக வேண்டியதில்லை. சோபாவில் ஏறும் நாய் என்றால் பழைய போர்வை ஒன்றைக் கொண்டுபோய் விரித்துவிடுங்கள்.

திரும்பி வந்து ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே இருக்கு. இது சாதாரணம்தானா?

ஒன்றிரண்டு நாள் தூங்குவது அலுப்புதான். சாப்பிடுகிறது, தண்ணீர் குடிக்கிறது, கூப்பிட்டால் வால் ஆட்டுகிறது என்றால் தூங்க விடுங்கள். ஆனால் ஈறு வெளுத்திருந்தாலும், மூக்கிலோ சிறுநீரிலோ இரத்தம் தெரிந்தாலும், எலி மருந்து பற்றிச் சொன்ன மூன்று முதல் ஐந்து நாள் கணக்கை நினைவில் வைத்து உடனே காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சல் இன்னும் தாமதமாக, ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக்கூட வரும். சோர்வு, காய்ச்சல், பசியின்மை எது வந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக “கிராமத்துக்குப் போய் வந்தோம்” என்று சொல்லுங்கள், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்து. எந்த இரத்தப் பரிசோதனை முதலில் என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.